கல்லும் கிணறும்: காங்கேசன்துறை ஏன் தொழில் நகரமாகவில்லை?

வடக்கு கிழக்கின் கைத்தொழில் பற்றிப் பேச்செடுத்தால் காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் காகிதம் என்று மூன்று பெயர்கள் ஒரே மூச்சில் வந்துவிடும். மூன்றின் தோற்றத்தையும் அன்று கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் கணக்கில் எழுதுவதும், மூன்றின் வீழ்ச்சியையும் போரின் கணக்கில் எழுதுவதும் நம்மிடையே வழக்கம். கணக்கு இவ்வளவு நேராக முடிந்துவிடுவதே ஐயத்துக்கு இடம் தருகிறது. இக்கட்டுரை அந்த மூன்றில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

1950இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்து ஆலை 1990 வரை இயங்கியது. ஆலைக்குப் பக்கத்தில் துறைமுகம் இருந்தது. நாட்டின் வடபுகையிரதப் பாதை முடிவதும் அங்கேதான். சில மைல் தொலைவில் பலாலி விமானத்தளம். படித்த, தொழில்நுட்பத் தேர்ச்சி பெற்ற ஆட்களுக்கும் யாழ்ப்பாணத்தில் பஞ்சமில்லை. இத்தனை இருந்தும், அந்த நாற்பது ஆண்டுகளில் ஆலையைச் சுற்றி வேறு பெருந்தொழில்கள் கிளைக்கவில்லை. ஏன்?

இதுவரை சொல்லப்பட்ட விடைகள்

பொதுவாக மூன்று விடைகள் புழக்கத்தில் உள்ளன. போர் அழித்தது என்பது ஒன்று. கொழும்பு திட்டமிட்டு வளரவிடவில்லை என்பது மற்றொன்று. மூன்றாவது விடை பெரும்பாலும் தெற்கிலிருந்து வருவது: யாழ்ப்பாணத்தவர் அரச உத்தியோகத்தை விரும்பினார்களே தவிர, முதல் போட்டுத் தொழில் செய்ய விரும்பவில்லை என்பது.

மூன்றாவதை முதலில் ஒதுக்கிவிடலாம். யாழ்ப்பாணச் சுருட்டைத் தென்னிலங்கைச் சந்தை வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்களையும், வல்வெட்டித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் கப்பல் கட்டி ஓட்டியவர்களையும், கொழும்பிலும் தென்னிலங்கைச் சிறு நகரங்களிலும் கடை வைத்தவர்களையும் பார்த்த பிறகு அந்த வாதம் நிற்காது. முதல் போட ஆட்கள் இருந்தார்கள். அந்த முதல் காங்கேசன்துறைக்குப் போகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மற்ற இரண்டு விடைகளிலும் உண்மை உண்டு. ஆனால் ஆலை எப்படிப்பட்ட அமைப்பாக உருவானது, எந்தக் கல்லைத் தின்று வாழ்ந்தது என்ற இரண்டையும் பார்க்காமல் அவை பாதி விடைகளாகவே நிற்கும்.

ஆலைக்கு முன்

காங்கேசன்துறை வெறுங்கரையாக இருந்த இடமல்ல. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்கான முருகன் திருவுருவம் இத்துறையில் வந்திறங்கியதாகக் கோயில் மரபு சொல்லும். மேற்கே கீரிமலை, கிழக்கே மயிலிட்டி. ஒன்று தீர்த்தக் கரை, மற்றது மீன்பிடிக்குப் பேர்போன கரை. 1893இல் இங்கே வெளிச்சவீடு கட்டப்பட்டது. 1902 மார்ச்சில் சாவகச்சேரிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905 ஓகஸ்டில் பாதை தெற்கோடு இணைந்தது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 410 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையின் கடைசி நிலையம் யாழ்ப்பாண நகரமல்ல, இந்தத் துறைமுக ஊர். 1956 ஏப்ரலில் தொடங்கிய யாழ்தேவியும் இங்கேயே வந்து நின்றது.

அதாவது, சீமெந்து வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே காங்கேசன்துறை ஒரு போக்குவரத்து முனையாகிவிட்டது. ஆலை ஊரை உண்டாக்கவில்லை. ஊர் இருந்த இடத்துக்கு ஆலை வந்தது. சுண்ணாம்புக்கல்லும் ஆலையோடு வந்த சரக்கல்ல. வெற்றிலைக்கும் சுவருக்கும் வேண்டிய சுண்ணாம்பைக் குடாநாட்டுச் சூளைகள் தலைமுறை தலைமுறையாகச் சுட்டுக்கொண்டிருந்தன. ஆலையோடு புதிதாக வந்தது கல் எடுக்கும் அளவுதான்.

யார் கொண்டுவந்தது?

பொன்னம்பலம் டி. எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தது 1948 செப்டெம்பரில். கைத்தொழில், கைத்தொழில் ஆய்வு, மீன்பிடி ஆகியவை அவர் பொறுப்பில் இருந்தன. ஆலை உற்பத்தியைத் தொடங்கியதோ 1950இல். கல் வளத்தை அளந்து, மண்ணைச் சோதித்து, சூளையையும் அரைக்கும் இயந்திரங்களையும் வெளிநாட்டில் செய்யக் கொடுத்து, கப்பலில் இறக்கிப் பொருத்துவதற்கு இரண்டு ஆண்டுகள் போதா. ஆகவே திட்டத்தின் வேர் அவருக்கு முன்பே ஊன்றப்பட்டிருக்க வேண்டும் என்று கொள்வதே பொருத்தம். அரசாங்க சபைக் காலத்தில், இரண்டாம் உலகப் போரால் இறக்குமதி தடைப்பட்டபோது, கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. சி. எஸ். கொறயாவின் கீழ் ஒட்டுப்பலகை, அசெற்றிக் அமிலம் என்று பல அரச ஆலைகள் அவசரமாக எழுந்தன. அரசே ஆலை நடத்துவது என்ற எண்ணம் நாட்டில் வேர்விட்டது அப்போதுதான்.

இதனால் பொன்னம்பலத்தின் பங்கு ஒன்றுமில்லை என்றாகாது. போர்க்கால ஆலைகளிற் பல போர் முடிந்ததும் இழுத்து மூடப்பட்டன. 1950களின் தொடக்கத்தில் வந்த உலக வங்கிக் குழுவும் அரச ஆலைகளை நல்ல கண்ணால் பார்க்கவில்லை. அப்படியொரு காலத்தில் சீமெந்தை நிறைவேற்றிக் காட்டியதும், பரந்தனையும் வாழைச்சேனையையும் தொடர்ந்து முன்னெடுத்ததும் சாதாரணமல்ல. கொண்டுவந்தவர் என்பதைவிடக் கைவிடாமல் நிறைவேற்றியவர் என்று அவரைச் சொல்வது உண்மைக்கு நெருக்கமானது.

அரசியல் பக்கத்தை விட்டுவிட முடியாது. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்தே அவர் அமைச்சரானார். அதையொட்டி அவரது கட்சியில் ஏற்பட்ட பிளவில் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. அக்கட்சியை நிறுவிய சா. ஜே. வே. செல்வநாயகம் காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினர். ஆலை இயங்கத் தொடங்கிய பின் நடந்த முதற் பொதுத் தேர்தலில், 1952இல், அவர் அதே தொகுதியில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசனிடம் தோற்றார். 1956இல் திரும்ப வென்றார். 1952 முடிவைச் சீமெந்துக்கு விழுந்த வாக்கு என்று வாசிக்கும் ஆசை எழும். இராமநாதனின் மருமகனும் பரமேஸ்வராக் கல்லூரி அதிபருமாயிருந்த நடேசனின் சொந்தச் செல்வாக்கை மறந்தால்தான் அப்படி வாசிக்க முடியும். ஆனால் ஒன்று உறுதி: ஆலை பெற்ற தொகுதியே தனித்துவ அரசியலின் தொகுதியாகவும் ஆனது. தொழில் கொடுத்தால் உரிமைக் கோரிக்கை அடங்கிவிடும் என்று எண்ணியவர் யாராயினும், காங்கேசன்துறை அவரைப் பொய்ப்பித்தது. 1975 பெப்ரவரி இடைத்தேர்தலிலும் இத்தொகுதி செல்வநாயகத்தையே தேர்ந்தது.

தாழையூத்தோடு ஓர் ஒப்பீடு

பாக்கு நீரிணைக்கு அப்பால், திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில், ஏறத்தாழ இதே காலத்தில் இதே சுண்ணாம்புக்கல்லை நம்பி ஓர் ஆலை எழுந்தது. 1946இல் சங்கரலிங்க ஐயர் முதலானோர் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 1949இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. ஆலையைச் சூழ்ந்து சங்கர்நகர் என்ற குடியிருப்பே உருவானது. 1960களில் அந்த நிறுவனம் சங்ககிரியில் இரண்டாவது ஆலையைத் திறந்தது. பின்னர் தமிழ்நாட்டுக்கு வெளியேயும் பரந்தது.

இரண்டு ஆலைகளுக்கும் வயதில் ஒரே ஆண்டு வித்தியாசம். ஆனால் தாழையூத்தின் இலாபத்தை எங்கே மறுமுதலாக்குவது என்பதை அந்த நிறுவனமே தீர்மானித்தது. காங்கேசன்துறை ஆலை முதலில் அரசுத் திணைக்களத்தின் கீழ் இருந்தது. 1955ஆம், 1957ஆம் ஆண்டுகளின் கூட்டுத்தாபனச் சட்டங்களின் வழியே பின்னர் சீமெந்துக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறியது. விலை, ஆளெடுப்பு, விரிவாக்கம் என்று எந்த முடிவுக்கும் கொழும்பைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆலை ஈட்டிய வருவாயை ஊரில் எங்கே இடுவது என்று கேட்கும் உரிமை உள்ளூரில் எவருக்கும் இல்லை. பங்குதாரரும் இல்லை, மாகாண அரசும் இல்லை.

தனியாருக்குக் கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பதல்ல என் வாதம். அந்த இந்தியா சிமெண்ட்ஸே 2024 இறுதியில் அல்ட்ராடெக்கின் கைக்குப் போய்விட்டது. முடிவெடுக்கும் உரிமை ஆலையை நடத்திய நிறுவனத்திடமே இருந்ததா, கொழும்பு அரசிடம் இருந்ததா என்பதுதான் வேறுபாடு.

இங்கே கிளிங்கர் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்கல்லையும் களியையும் அரைத்துக் கலந்து, சுழலும் சூளையில் சுமார் 1450 பாகை செல்சியசில் சுட்டால் கிடைக்கும் கரும்பச்சை உருண்டைகளே கிளிங்கர். அதோடு சிறிதளவு ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் சீமெந்து. கல் காங்கேசன்துறையில் கிடைத்தது. களி மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து வந்தது. காலப்போக்கில், சுட்ட கிளிங்கரின் ஒரு பகுதி தெற்கே காலியில் அமைத்த ஆலையில் அரைபடப் போயிற்று. வெட்டுவதும் சுடுவதும் புகைவதும் வடக்கில், அரைத்துப் பொதியிட்டு விற்பது தெற்கில்.

இதைப் பாரபட்சம் என்று மட்டும் படிப்பது சுலபம். தொழில்முறைக் காரணமும் உண்டு. சீமெந்து பாரம் கூடியது, விலை குறைந்தது, ஈரம் பட்டால் கட்டியாகும். கிளிங்கர் அவ்வளவு எளிதில் கெடாது. சந்தை தெற்கில் இருக்கும்போது கிளிங்கராக அனுப்பி அங்கே அரைப்பதுதான் இலாபம். உலகெங்கும் சீமெந்துக்காரர் செய்வதும் இதைத்தான். ஆனால் அதன் விளைவை மறைக்க முடியாது. சீமெந்தைச் சார்ந்து வளரக்கூடிய உபதொழில்களும் முகவர் வணிகமும் அரைக்கும் இடத்தையும் விற்கும் இடத்தையும் சுற்றியே வளரும். கல் வெட்டும் இடத்தில் மிஞ்சுவது கிடங்கு.

1970இல் புத்தளத்தில் இன்னொரு சீமெந்து ஆலை வந்தது. அதன் கல் அருவாக்காட்டுக் கல். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரமும் துரித மகாவலித் திட்டத்தின் அணைகளும் சீமெந்துத் தேவையைப் பலமடங்காக்கின. 1981இல் லங்கா சீமெந்து நிறுவனம் உருவாகி, காங்கேசன்துறை மேலும் விரிந்தது. குடாநாட்டு வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் அதே திறந்த இறக்குமதியால் அடிபட்டுக்கொண்டிருந்தபோது, குடாநாட்டின் கல் மட்டும் முன்னெப்போதையும்விட வேகமாக வெளியேறியது.

கல்லுக்குள் இருக்கும் நீர்

அந்த மூன்று விடைகளில் எதிலும் இடம்பெறாதது இதுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழையைக் கல் குடித்து வைத்துக்கொள்கிறது. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக இருப்பதால், நிலத்தடித் தொட்டியாகிறது. கடலோரத்திலேயே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணியும், ஆழம் காணமுடியாதென்று பேர்பெற்ற நிலாவரைக் கிணறும் அந்தத் தொட்டியின் கண்ணுக்குத் தெரியும் வாய்கள்.

நன்னீர் இங்கே உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் தாங்கி நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் அறிந்த கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி உவர் ஏறும். ஆகவே குடாநாட்டில் கல் என்பது கட்டடப் பொருளாவதற்கு முன்பே நீர்ப்பாத்திரம்.

காங்கேசன்துறை, தெல்லிப்பழைப் பக்கத்தில் பழைய கல்லுக்கிடங்கு ஒன்றின் விளிம்பில் நின்றால் இதைப் பாடப் புத்தகமில்லாமலே படிக்கலாம். மேலே ஒரு முழமோ இரண்டு முழமோ செம்மண். வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளையும் மண் அவ்வளவுதான். அதன் கீழே வெள்ளையும் மஞ்சளுமாகக் கல், குறுக்கே வெடிப்புகள், வேர் இறங்கிய பொந்துகள். அடியில் பச்சைநிறத் தண்ணீர். அது மழைநீர் தேங்கிய குட்டையல்ல. வெட்டு நிலத்தடி நீர் மட்டத்தைத் தொட்டுவிட்டது என்பதற்கான அடையாளம். கிணற்றில் மூடியிருக்கும் நீர் இங்கே வெயிலுக்குத் திறந்து கிடந்து ஆவியாகிறது. மேலே இருந்த செம்மண் வடிகட்டியும் போய்விட்டதால், கிடங்கில் எதைக் கொட்டினாலும் அது நேரே அயற்கிணறுகளுக்குப் போகும். கிடங்கைக் குப்பைமேடாக்கும் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று விளக்கத் தேவையில்லை. சுன்னாகம் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. இந்தக் கல்லில் அழுக்கு எவ்வளவு தாராளமாக நடமாடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு தொன் சீமெந்துக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரைத் தொன் வரை சுண்ணாம்புக்கல் வேண்டும். ஆண்டுக்கு ஒரு இலட்சம் தொன் சீமெந்து என்று வைத்தால், 50,000 முதல் 60,000 கனமீற்றர் கல். ஐந்து மீற்றர் ஆழத்துக்கு வெட்டினால் ஆண்டுதோறும் இரண்டரை முதல் மூன்று ஏக்கர், யாழ்ப்பாணக் கணக்கில் நாற்பது பரப்புக்குக் குறையாத நிலம் போகும். நாற்பது ஆண்டுக்கு நூறு ஏக்கருக்கு மேல். உற்பத்தி இரட்டித்தால் நிலமும் இரட்டிக்கும். ஐந்தாறு பரப்பில் ஒரு குடும்பம் தோட்டம் செய்து பிள்ளைகளைப் படிப்பித்த வலிகாமத்தில் இது சின்ன எண்ணல்ல.

1950களிலும் 60களிலும் துலாவைத் தள்ளிவிட்டு நீரிறைக்கும் இயந்திரம் குடாநாட்டுத் தோட்டங்களுக்குள் வந்தது. துலா மிதித்து இறைத்த காலத்தில் ஆளின் களைப்பே கிணற்றுக்குக் காவல். இயந்திரம் களைக்காது. ஒரே தலைமுறைக்குள் பாத்திரத்தின் உடலை ஆலை வெட்டத் தொடங்கியது, உள்ளிருந்த நீரைத் தோட்டம் வேகமாக இறைக்கத் தொடங்கியது. இரண்டையும் முன்னேற்றம் என்றே அன்று எல்லாரும் கண்டோம். இரண்டும் ஒரே சேமிப்பில் கைவைப்பவை என்பதைச் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு எந்தத் திணைக்களத்துக்கும் இருக்கவில்லை. கைத்தொழில் அமைச்சு கல்லைப் பார்த்தது, விவசாயத் திணைக்களம் பயிரைப் பார்த்தது.

எனவே காங்கேசன்துறை தொழில் நகரமாகாததற்கு என் விடை இது: அங்கே வந்தது தன்னைச் சுற்றி வளர்க்கும் தொழிலல்ல, மூலப்பொருளை எடுத்து அனுப்பும் தொழில். அதன் முடிவுகளும் வருவாயும் வெளியே இருந்தன. அது வளர்ந்திருந்தாலும், அயலிலுள்ள விவசாயத்தின் அடித்தளத்தை அரித்தே வளர்ந்திருக்கும். போர் இந்த முரணைத் தீர்க்கவில்லை, அது வெளிப்படுமுன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது.

1990உம் பின்னும்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது, ஆலை நின்றது, வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். பலாலியையும் காங்கேசன்துறையையும் சூழ்ந்த பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊர் என்பது முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்த நினைவாகவே இருந்தது. போர் முடிந்து நான்காண்டுகள் கழித்து, 2013இல், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2015க்குப் பின் நிலம் துண்டு துண்டாக விடுபட்டது. நடேஸ்வராக் கல்லூரி 2016இலும் மயிலிட்டித் துறைமுகம் 2017இலும் திரும்பின. புகையிரதம் 2015 ஜனவரியில் மீண்டும் காங்கேசன்துறை வந்தது.

இந்த இடைவெளியில் இலங்கையின் சீமெந்துத் தொழில் எங்கே போயிற்று என்று பார்ப்பது பயன் தரும். புத்தளம் ஆலை 1993இல் தனியார்மயமாகி, கைமாறிக் கைமாறி இயங்குகிறது. நமக்கு நெருங்கிய பாடம் திருகோணமலையில் இருக்கிறது. 1982இல் ஏ. வை. எஸ். ஞானம் ஜப்பானியக் கூட்டுடன் டோக்கியோ சீமெந்து நிறுவனத்தைத் தொடங்கினார். அது உள்ளூர்க் கல்லை நம்பவில்லை. கிளிங்கரைக் கப்பலில் இறக்கித் துறைமுகத்தருகே அரைத்தது. போர் சூழ்ந்த கிழக்கிலும் அந்த ஆலை பிழைத்தது. ஞானம் தமிழர், இடம் திருகோணமலை, காலம் 1983 இனக்கலவரத்தை ஒட்டியது. இனப் பாகுபாடு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்ற விளக்கத்துக்கு இந்த ஆலை இடைஞ்சலான சாட்சி. பாகுபாடு இல்லை என்று இதற்குப் பொருளல்ல. துறைமுகமும் சொந்த முதலும் முடிவெடுக்கும் உரிமையும் ஒருங்கே இருந்தால், பாகுபாட்டுக்குள்ளும் தொழில் நிற்க முடிந்தது என்பதே பொருள். காங்கேசன்துறைக்கு இருந்தது முதலாவது மட்டும்.

மீண்டும் தொடங்குவதா?

தேர்தல் வந்தால் சீமெந்து ஆலையை மீளத் திறப்போம் என்ற பேச்சும் வரும். அண்மையில் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமைப்பதாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது. துறைமுகத்தைச் செப்பனிட இந்திய நிதி பேசப்பட்டு ஆண்டுகள் பல. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது, அடுத்த ஆண்டு சேவை மீண்டும் தொடங்கியது. 2019இல் திறந்த யாழ்ப்பாணச் சர்வதேச விமானநிலையமும் பக்கத்தில் இருக்கிறது. 1902இல் இந்த ஊருக்குக் கிடைத்த போக்குவரத்து முனை என்ற பலம், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது.

அந்தப் பலத்தின்மேல் தொழில் கட்டலாம். மீன் பதனிடல், குளிர்களஞ்சியம், படகுத் திருத்தம், பனைசார் பொருட்கள், இந்தியாவோடான சிறு சரக்கு வணிகம் எல்லாம் துறைமுகத்தைக் கேட்பவை. கல்லைக் கேட்பவை அல்ல. சீமெந்தே வேண்டுமென்றால் திருகோணமலை வழி இருக்கிறது. கிளிங்கரை இறக்கி அரைக்கலாம். அதற்கும் புழுதிக் கட்டுப்பாடும் மீள்குடியேறிய அயலவரின் சம்மதமும் தேவை.

புதிய வலயத்துக்கு ஒரு செங்கல் வைப்பதற்கு முன் மூன்று வேலைகளை அரசாங்கமும் வடமாகாண சபை நிர்வாகமும் செய்ய வேண்டும். பழைய கிடங்குகள் அனைத்தையும் அளந்து, அவற்றின் நீர் மட்டத்தையும் உவர்த்தன்மையையும் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். குப்பை கொட்டுவதை நிறுத்தி, தகுந்த கிடங்குகளை மழைநீர் உள்ளிறக்கும் குளங்களாக மாற்ற முடியுமா என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் புவியியல், பொறியியல் துறையினரைக் கொண்டு ஆராய வேண்டும். வலயத்துக்கு எடுக்கும் நிலம் யாருடையது, அவர்களில் எத்தனை பேர் இன்னும் திரும்பவில்லை என்பதைப் பகிரங்கப்படுத்த வேண்டும். குடாநாட்டுக் கல்லை வெட்டிச் சூளையிலிடும் எந்தத் திட்டமும், அதை எந்தக் கட்சி கொண்டுவந்தாலும், வலிகாமத்துக் கிணறுகளுக்கு எதிரான திட்டம். அதற்கு இசைவு கொடுக்கக் கூடாது.